இதழ்ப் பணியும் எழுத்துக் கலையும்

காலையில் வீட்டு வாயிலில் வந்து விழும் செய்தித்தாள் மாலைக்குள் பழையதாகிவிடுகிறது. சில நாட்களில் அது பழைய தாள் வாங்குவோரின் தராசில் ஏறுகிறது. நல்ல காவியமோ எழுதியவர் மறைந்து நூறாண்டு கழிந்த பின்னும் புதிய பதிப்புகளில் உலவுகிறது. இவ்விரண்டையும் ஒரே கை எழுத முடியுமா? நாள்தோறும் பிறந்து நாள்தோறும் மடியும் தாளுக்காக உழைப்பவர், காலத்தை வெல்லும் இலக்கியத்தைப் படைத்தல் கூடுமா? எழுத்தாளர்கள் தங்களைத் தாங்களே பன்முறை கேட்டுக்கொண்ட கேள்வி இது.

இதற்குச் சிலர் தரும் விடை எளிதானது. இதழ்ப் பணி வயிற்றுக்கு. இலக்கியப் பணி உள்ளத்துக்கு. முன்னது பின்னதைத் தின்றுவிடும் என்பர் அவர்கள். இவ்விடையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் முழு உண்மையும் அதுவன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ் உரைநடை எங்கே வளர்ந்தது என்று ஆராய்ந்தால் இது விளங்கும். புலவர்களின் திண்ணையில் வளர்ந்ததைக் காட்டிலும், அச்சு மை நாறும் இதழ் அலுவலகங்களில்தான் அது மிகுதியாக வளர்ந்தது.

1904-ஆம் ஆண்டில் மதுரை சேதுபதி உயர்நிலைப்பள்ளியில் இளைஞர் ஒருவர் சில திங்கள் தமிழாசிரியராக இருந்தார். தற்காலிகமான வேலை அது. அவ்வாண்டின் இறுதியில் அவரைச் சென்னைக்கு அழைத்துச் சென்று, சுதேசமித்திரன் நாளிதழில் துணையாசிரியராக அமர்த்தினார் ஜி. சுப்பிரமணிய ஐயர். ஐயர், 1878-இல் ‘இந்து’ ஆங்கில இதழைத் தொடங்கிய அறுவருள் ஒருவர். 1882-இல் சுதேசமித்திரனைத் தோற்றுவித்தவர். இளைஞரோ எட்டயபுரத்துச் சுப்பிரமணிய பாரதியார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு கூட நிறையவில்லை.

கவிஞர் என்று பட்டம் பெற்றவருக்கு அங்கே கிடைத்த வேலை யாது? ஆங்கிலத்தில் வரும் தந்திச் செய்திகளையும் தலைவர்களின் சொற்பொழிவுகளையும் தமிழாக்குதல். இதனைக் கிளிப்பிள்ளை வேலை என்று எண்ணுவோர் உண்டு. அவர்கள் ஒரு நாளேனும் அதனைச் செய்து பார்த்தல் வேண்டும். ஆங்கிலத்தில் நீண்டு வளைந்து செல்லும் வாக்கியத்தைத் தமிழில் நேராக்க வேண்டும். பொருள் மாறலாகாது. பொருளாதாரமும் சட்டமும் அயல்நாட்டுப் போரும் பற்றிய செய்திகளுக்கு உரிய சொற்கள் அந்நாளைய அகராதிகளில் இல்லை. அச்சுக்கோப்பவரோ தாளுக்காகக் காத்து நிற்பார். ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு பத்தியிலும், இல்லாத சொல்லைத் தேடித் தமிழ் முழுவதையும் துழாவ வேண்டிய வேலை அது.

அந்தத் தேடலுக்குப் பாரதியாரே ஒரு சான்று விட்டுச் சென்றிருக்கிறார். ‘மெம்பர்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நேரான தமிழ்ச் சொல் கிடைக்காமல் தாம் பட்ட பாட்டை ஒரு கட்டுரையில் அவர் விவரித்துள்ளார். அவயவி என்று எண்ணிப் பார்த்தார், பொருந்தவில்லை. அங்கத்தான் என்பது ஒட்டவில்லை. சபிகன் என்பது சரியான சொல்தான். ஆனால் பொதுமக்களுக்கு அது விளங்காது. உறுப்பாளி என்றும் நினைத்துப் பார்த்தார். இறுதியில் வேறு வழியின்றி ‘மெம்பர்’ என்றே எழுதிவிட்டு, பிறகு நிதானமாக எண்ணிச் சரியான சொல்லைக் கண்டு சொல்வதாகப் படிப்போருக்கு வாக்களித்தார். இன்று பள்ளிப் பிள்ளையும் தயங்காமல் ‘உறுப்பினர்’ என்கிறது. அந்தச் சொல்லை எட்டுவதற்கு அரைத் தொலைவு வரை தனியே நடந்து சென்றவர் பாரதியார் என்பது பலர் அறியாதது. இதில் வேறொன்றும் கவனிக்கத் தக்கது. சபிகன் என்பது சரியான சொல் என்று தெரிந்தும் அவர் அதனைக் கைவிட்டார். ஏன்? படிப்பவருக்கு விளங்காது என்பதனால். தமக்குத் தெரிந்ததை எழுதுவது புலமை. படிப்பவருக்குத் தெரியும்படி எழுதுவது இதழாசிரியரின் கடமை. இந்தக் கடமையுணர்ச்சிதான் பின்னர் அவருடைய பாட்டிலும் புகுந்து, எளிய பதங்களையும் எளிய நடையையும் அவர் நாடும்படி செய்தது எனக் கொள்ளுதல் தவறாகாது. மித்திரன் அலுவலகம் கவிஞருக்குப் பகைவனாக இருக்கவில்லை. பயிற்சிக் களமாகவே இருந்தது.

ஆயினும் மொழிபெயர்ப்போடு அவர் மனம் அமையவில்லை. தம் கருத்தைத் தம் குரலில் சொல்ல விரும்பினார். 1906-இல் ‘இந்தியா’ வார இதழ் தோன்றியபோது அந்த இடம் கிடைத்தது. எழுத்தறியாதவரும் கண்டு பொருள் கொள்ளுமாறு அரசியல் கருத்துப் படங்களை அவ்விதழில் அவர் வெளியிட்டார். தமிழ் இதழுலகில் அது புதுமை. அதன் விலையும் பெரிது. 1908-இல் அரசாங்கம் பாய்ந்தது. இதழின் ஆசிரியர் எனப் பதிவு பெற்றிருந்தவர் சிறை புகுந்தார். பாரதியார் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குச் சென்றார். அங்கிருந்தும் ‘இந்தியா’ வெளிவந்தது. ஆங்கில ஆட்சிப் பகுதிக்குள் அது நுழைவதற்குத் தடை விதிக்கப்பட்டது. 1910-இல் அது நின்றுபோயிற்று.

பாரதியார் தமிழ் இதழுக்கு உயிர் தந்தார் எனின், அதற்குத் தமிழ் உடை தந்தவர் திரு.வி. கலியாணசுந்தரனார். சென்னை இராயப்பேட்டை வெஸ்லி கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த அவர், அப்பதவியைத் துறந்து, 1917-இல் ‘தேசபக்தன்’ நாளிதழின் ஆசிரியரானார். அந்நாளில் அரசியலைத் தமிழில் எழுதுவோர், இரண்டு சொல்லுக்கு ஒரு சொல் ஆங்கிலமாகவோ வடமொழியாகவோ எழுதுவது வழக்கமாக இருந்தது. தமிழில் அரசியல் பேச இயலாது என்று சொல்லுவோரும் இருந்தனர். திரு.வி.க. அவர்களோடு வாதாடிக் காலம் கழிக்கவில்லை, எழுதிக் காட்டினார். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது அதில் முன்னின்று உழைத்த அவருக்கு, ஆலைத் தொழிலாளிக்கு விளங்காத தமிழால் பயனில்லை என்பது அன்றாடம் கண்ட உண்மை. 1920-இல் அவர் தொடங்கிய ‘நவசக்தி’ வார இதழுக்கு, 1923-இல் ஓர் இளைஞர் துணையாசிரியராக வந்து சேர்ந்தார். அவர்தாம் பின்னாளில் ‘கல்கி’ என்று தமிழுலகம் அறிந்த இரா. கிருஷ்ணமூர்த்தி.

கல்கியின் மனப்பான்மை தனித்தன்மை வாய்ந்தது. இதழ் வேறு, இலக்கியம் வேறு என்ற எண்ணமே அவரிடம் இருந்ததாகத் தோன்றவில்லை. நவசக்தியில் பயின்று, திருச்செங்கோட்டு ஆசிரமத்தில் இராஜாஜி நடத்திய ‘விமோசனம்’ என்னும் மதுவிலக்கு இதழில் பணிபுரிந்து, ‘ஆனந்த விகட’னில் பத்தாண்டு ஆசிரியராக இருந்து, 1941-இல் தம் பெயரிலேயே இதழ் தொடங்கினார். தலையங்கம் எழுதிய கையே கதையும் எழுதியது. கதை எழுதிய கையே ‘கர்நாடகம்’ என்னும் புனைபெயரில் இசை அரங்குகளைப் பற்றியும் எழுதியது. ‘பொன்னியின் செல்வன்’ 1950-இல் தொடங்கி 1954 வரை வாரந்தோறும் வந்தது. மூன்றரை ஆண்டுக் காலம், வேலை மிகுந்த வாரமாயினும், உடல் நலியும் வாரமாயினும், ஓர் அத்தியாயமேனும் அச்சுக்கூடத்துக்குச் சென்றாக வேண்டும். முன்பு எழுதியதைத் திரும்பப் பெற்றுத் திருத்த இயலாது. அது முன்னரே ஊர்தோறும் படிக்கப்பட்டுவிட்டது. ஒரு பாத்திரத்தைத் தவறாக நடத்தி விட்டால், அத்தவற்றையும் கதையின் பகுதியாக்கிக்கொண்டு மேலே செல்வதுதான் வழி.

இவ்வாறு எழுதப்பட்ட கதைகளில் வாரப் பதிப்பின் தழும்புகள் உண்டு என்று திறனாய்வாளர் சொல்லுவர். அத்தியாய முடிவில் ஒரு திடுக்கீடு, முன் நிகழ்ந்ததை நினைவூட்டும் பகுதிகள், கதை ஓட்டத்தை விட்டு விலகிச் செல்லும் பேச்சுகள் ஆகியவற்றை எடுத்துக்காட்டுவர். அது முற்றும் பொய்யன்று. ஆனால் அந்தத் தழும்புகளைக் கண்ட கண், அவற்றுக்குப் பின்னால் இருந்த கூட்டத்தையும் காணவேண்டும். வீட்டில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் சூழ்ந்து அமர்ந்து கேட்ட கதைகள் அவை. எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் பலர் புத்தகம் படிப்பவர் ஆனது அக்கதைகளால்தான். சார்லஸ் டிக்கன்ஸும் நாவல்களைத் தவணை தவணையாகவே வெளியிட்டார். அதற்கு முன் பாராளுமன்றப் பேச்சுகளைச் சுருக்கெழுத்தில் எடுக்கும் செய்தியாளராக இருந்தார். அவருடைய நாவல்களிலும் அத்தழும்பு உண்டு. உலகம் அதனை மன்னித்துவிட்டது.

இனி, மறுதரப்பைப் பார்க்க வேண்டும். அமெரிக்க எழுத்தாளர் எர்னஸ்ட் ஹெமிங்வே 1917-இல், பதினெட்டு வயதில், கன்சாஸ் நகர நாளிதழ் ஒன்றில் செய்தியாளராகச் சேர்ந்தார். குறுகிய வாக்கியம் எழுதுக. வீண் அடைமொழியை நீக்குக என்ற முறையில் அவ்விதழ் தன் செய்தியாளர்க்கு விதிகள் வகுத்திருந்தது. ஏறத்தாழ ஆறு திங்களே அங்கு இருந்தார். எனினும் எளிய வாக்கியம் எழுதக் கற்றது அங்கேதான் என்று முதுமை வரை நன்றியோடு சொன்னார். அதே மூச்சில் ஓர் எச்சரிக்கையும் தந்தார்: இளம் எழுத்தாளருக்கு இதழ்ப் பணி தீங்கு செய்யாது, உரிய காலத்தில் அதை விட்டு வெளியேறினால் உதவியும் செய்யும் என்பது அவர் கருத்து. நல்ல கருத்துதான். ஆனால் வெளியேறுவதற்கு வேறொரு வாயில் வேண்டுமே! தமிழ்நாட்டில் அந்த வாயில் பலருக்கும் திறக்கவில்லை.

புதுமைப்பித்தனுக்குத் திறக்கவில்லை. 1906-இல் பிறந்த அவர், 1933-இல் தோன்றிய ‘மணிக்கொடி’யில் எழுதிப் புகழ் பெற்றார். அவ்விதழ் எழுத்தாளர்களுக்குப் பெருமை தந்தது. பொருள் தரும் வளம் அதனிடம் இல்லை. ஆகவே ‘தினமணி’யில் துணையாசிரியராக அமர்ந்து, செய்திகளை மொழிபெயர்த்தும் நூல்களுக்கு மதிப்புரை எழுதியும் ஆண்டுகள் பல கழித்தார். 1943-இல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் அவ்விதழினின்று விலகியபோது அவருடன் புதுமைப்பித்தனும் விலகினார். வருவாய் போகும் என்பது தெரிந்தே செய்த செயல் அது. பின்னர்த் திரைப்படத் துறைக்குச் சென்று, காசநோய்க்கு ஆளாகி, 1948-இல் நாற்பத்திரண்டு வயதில் மறைந்தார். எழுதிப் பிழைப்பவர் ஒருவரின் வாழ்வில் ஒரு நாளைச் சித்திரிக்கும் ‘ஒரு நாள் கழிந்தது’ என்னும் சிறுகதை அவருடையது. அக்கதையில் ஒரு மூன்று ரூபாய் எத்துணைப் பெரிய மலையாக நிற்கிறது என்பதைப் படித்தவர் மறவார்.

அவருடைய வாழ்வைக் காட்டி, இதழ்ப் பணி கலைஞனைக் கொன்றது என்று வாதிடுவது எளிது. ஆனால் ஏறத்தாழ நூறு சிறுகதைகளை அவர் எழுதிய அந்தப் பதினைந்தாண்டுகளில் பெரும்பகுதி இதழ் அலுவலகங்களில் கழிந்ததே. அவருடைய மொழியில் உள்ள சுருக்கமும், வெட்டும், ஊர்ப்பேச்சை அஞ்சாமல் கையாளும் துணிவும், மொழிபெயர்ப்பு மேசையில் அமர்ந்திருந்தவருக்கு இயல்பானவை. அவரை வாட்டியது இதழ்ப் பணி எனல் பொருந்தாது. அப்பணிக்கு உரிய ஊதியம் தராத உலகமே அவரை வாட்டியது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதனால் குற்றவாளி தப்பிவிடுகிறான்.

இதழின் அவசரம் கலையைக் கெடுக்கும் என்பார்க்குத் தென் அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி சொல்லலாம். 1955-ஆம் ஆண்டில் கொலம்பிய நாட்டுக் கடற்படைக் கப்பலிலிருந்து எட்டு மாலுமிகள் கடலில் விழுந்தனர். ஒருவர் மட்டும் பத்து நாட்கள் உணவும் நீருமின்றி ஒரு மிதவையில் கிடந்து கரை சேர்ந்தார். புயலால் நேர்ந்த விபத்து என்று அரசு அறிவித்தது. மாலுமியை நாடு வீரராகக் கொண்டாடியது. கொண்டாட்டம் ஓய்ந்து, யாவரும் அக்கதையைக் கேட்டுச் சலித்த பிறகு, அம்மாலுமி ஒரு நாளிதழ் அலுவலகத்தின் படியேறினார். அங்கிருந்த இளம் செய்தியாளர் அவரை எதிரே அமர்த்தி, இருபது அமர்வுகளில், ஒவ்வோர் அமர்விலும் ஆறு மணி நேரம் வரை, கேள்வி கேட்டார். பொய் சொல்லுகிறாரா என்று அறியச் சிறு சிறு பொறிகளும் வைத்தார். அப்போதுதான் உண்மை வெளிப்பட்டது: புயலே இல்லை! மேல்தளத்தில் சட்டத்துக்கு மாறாக ஏற்றியிருந்த குளிர்பெட்டி முதலிய சரக்குகள் அலையின் வேகத்தில் சரிந்து, ஆட்களையும் கடலில் தள்ளின. பதினான்கு பகுதிகளாக அது வெளிவந்தது. அரசு மறுத்தபோது, அப்பயணத்தில் எடுத்த புகைப்படங்களைத் தேடிப் பெற்று நாளிதழ் வெளியிட்டது. சரக்குகள் படங்களில் தெளிவாகத் தெரிந்தன. அக்காலத்தில் அந்நாட்டில் நடந்தது படைத்தலைவரின் தனியாட்சி. மாலுமி வேலையை விட நேர்ந்தது. அடுத்த ஆண்டே அந்நாளிதழும் நின்றது.

அச்செய்தியாளர் காபிரியேல் கார்சியா மார்க்கேஸ். 1982-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். அம்மாலுமியின் கதை 1970-இல் நூலாகி இன்றும் படிக்கப்படுகிறது. அது செய்தியா, இலக்கியமா? மிதவையைச் சுற்றி நாள்தோறும் குறித்த நேரத்தில் சுறாமீன்கள் வந்து சூழ்ந்ததைக் கேட்டு எழுதியது செய்தியாளரின் காது. அதனை எந்த இடத்தில் சொன்னால் படிப்பவர் நெஞ்சு நடுங்கும் என்று அறிந்தது கலைஞரின் கை. புகழ் பெற்ற பின்னும் அவர் இதழியலைக் கைவிடவில்லை; 1994-இல் இளம் செய்தியாளர்களின் பயிற்சிக்கென ஓர் அறநிலையத்தை நிறுவினார். அரண்மனைகளையும் மாயங்களையும் எழுதிய எழுத்தாளர், ஒரு தகவல் தவறானாலும் செய்தி முழுவதும் கெடும் என்ற கொள்கையை இறுதி வரை விடவில்லை.

அங்ஙனமாயின், இதழ்ப் பணியால் எழுத்தாளருக்கு இழப்பே இல்லையா? உண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று. பாரதியாரின் வாழ்வே அதற்கும் சான்று. 1910-இல் இதழ்கள் யாவும் ஓய்ந்த பின்னர், எழுதுவதற்குத் தாளின்றிப் புதுவையில் அவர் வறுமையோடு போராடினார். ‘பாஞ்சாலி சபத’த்தின் முதற்பாகம் வெளிவந்தது 1912-இல். ‘கண்ணன் பாட்டும்’ ‘குயிற்பாட்டும்’ அந்தப் புதுவை வாழ்வின் கனிகளே. நாள்தோறும் அச்சுக்கூடம் அவரை அழைத்துக்கொண்டிருந்தால், அந்நெடும்பாடல்களுக்கு வேண்டிய நீண்ட பகற்பொழுதுகள் அவருக்குக் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. பகைவர் அடைத்த கதவு கவிதைக்கு ஓய்வு தந்தது! ஆனால் அந்த ஓய்வைப் பாரதியார் விரும்பிப் பெறவில்லை. இதழ் இல்லாத வாழ்வைச் சிறையாகவே எண்ணினார் என்பதற்கு அவர் பின்னர்ச் செய்ததே சான்று. புதுவையை விட்டு வெளியேறிச் சில காலம் கடையத்தில் வாழ்ந்த பின், 1920-இல் அவர் மீண்டும் சென்றமர்ந்த இடம் சுதேசமித்திரன் அலுவலகமே. பதினாறு ஆண்டுகளுக்கு முன் மொழிபெயர்க்கப் பழகிய அதே இதழ் அது. இப்போது பணி மாறியது, கட்டுரைகள் எழுதினார். உலகின் எந்த மூலையில் ஒரு நாடு விடுதலைக்கு எழுந்தாலும் அதனைத் தமிழருக்கு உடனே சொல்லவேண்டும் என்னும் துடிப்பு அவருக்குக் குறையவில்லை. அத்துடிப்புக்கு அடுத்த ஆண்டு வரும் நூலைக் காட்டிலும் அடுத்த நாள் வரும் தாளே ஏற்றது.

1921 செப்டம்பரில் அவர் நோயுற்றுத் திருவல்லிக்கேணி இல்லத்தில் படுத்திருந்தார். பதினொன்றாம் நாள் இரவு நண்பர் சிலர் உடன் இருந்தனர். ஆப்கானிஸ்தானத்தின் அரசர் அமானுல்லாகானைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி மறுநாள் அலுவலகத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்று அவர்களிடம் பாரதியார் சொன்னார். நள்ளிரவு கடந்து சிறிது நேரத்தில் அவர் உயிர் பிரிந்தது. அந்தக் கட்டுரை எழுதப்படவில்லை.